நூலக்கா கையெழுத்துப் போடவில்லை

பல் டாக்டரின் சிவப்பு வண்டி, பந்தயத் தளத்தின் மூன்றாவது வளைவில் திரும்ப மறுத்து நேராகப் போய், ஓரத்தில் அடுக்கியிருந்த பழைய டயர்களில் முட்டி நின்றது ஒரு சனிக்கிழமை மதியம். பம்பர் உடைந்தது, இடது விளக்கு நொறுங்கியது, டாக்டரின் வலது மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. திங்கட்கிழமை காலை அந்த வண்டி எங்கள் பட்டறை வாசலுக்கு இழுத்து வரப்படும் முன்பே, குற்றம் யாருடையது என்று முதலாளி அறையில் முடிவாகிவிட்டது. என் அண்ணியுடையது.

அந்த முடிவை எடுத்தவர்களில் ஒருவர்கூட வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. ஆனால் அந்த அறையில் நானும் நின்றிருந்தேன், வாயைத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். இல்லாவிட்டால் என் கோபத்துக்கு என்ன மரியாதை?

அண்ணி என்றால் என் ஒரே அண்ணனின் மனைவி. அண்ணன் சரக்கு லாரி ஓட்டுகிறார். மாதத்தில் இருபது நாள் சாலையில்தான் இருப்பார். அண்ணியும், ஏழாவது படிக்கும் அவர்கள் மகளும், நானும் இரண்டு அறை வீட்டில் இருக்கிறோம். பட்டறையில் எல்லாரும் அண்ணியை நூலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கையில் எப்போதும் இருக்கும் மீன்பிடி நூல்தான் காரணம்.

வண்டியின் இரண்டு பக்கமும், இரும்புக் கால்களுக்கு நடுவே, சக்கர மையத்தின் உயரத்தில் அந்த நூலை இழுத்துக் கட்டுவார். நூல் வண்டிக்கு இணையாக ஓடுகிறதா என்று பார்க்கவே அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். பிறகு இரும்பு அளவுகோலைச் சக்கர விளிம்பின் முன்பக்கம் ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை வைத்து, நூலுக்கு எவ்வளவு தூரம் என்று அளப்பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துச் சக்கரம் உள்ளே பார்க்கிறதா, வெளியே பார்க்கிறதா என்று சொல்லிவிடலாம். அதற்கு டோ என்று பெயர். சக்கரத்தின் தலை உள்பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது கேம்பர். இந்த இரண்டு வார்த்தை தெரிந்தால் நடந்தது முழுவதும் புரிந்துவிடும்.

பதினோரு வருடத்துக்கு முன் அண்ணி அந்தப் பட்டறைக்குத் தரை கூட்டத்தான் போனார். அப்போது சக்கரம் பார்த்தவரை மீசை என்பார்கள். மீசைக்கு நூலின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. பக்கத்தில் துடைப்பத்தோடு நின்றது அண்ணி. இரண்டு வருடம் மறுமுனையைப் பிடித்தார். மீசை எதையும் சொல்லித் தரவில்லை; கேட்டால் எரிந்து விழுவார். ஒருநாள் வெளிநாட்டு வேலைக்கு விசா வந்ததும், வண்டி ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அண்ணி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அந்த வண்டியை முடித்தார். மறுநாள் இன்னொன்று. ஒரு வாரம் கழித்துத்தான் முதலாளி, "ஆமா, மீசை எங்க?" என்று கேட்டார்.

நான் எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. இயந்திரவியல் படித்தேன். வேலை தேடி ஒரு வருடம் அலைந்த பிறகு, அண்ணி சொல்லி அதே பட்டறையில் சேர்ந்தேன். பந்தயத் தளத்துக்குள் ஒரு வண்டி நுழைய வேண்டுமானால், சஸ்பென்ஷன் சரிபார்த்த தாளில் பட்டம் பெற்ற ஒருவரின் கையெழுத்தும் பதிவெண்ணும் இருக்க வேண்டும் என்பது தள அலுவலகத்தின் விதி. எனவே அண்ணி வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பார். நான் மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவேன். மூன்று வருடமாக இப்படித்தான். வாடிக்கையாளர்கள் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து என் கையைக் குலுக்குவார்கள். நானும் கையை நீட்டுவேன்.

பல் டாக்டர் முதல்முறை வந்தபோது, அவருடைய இரண்டு கதவு சிவப்பு வண்டியை எல்லாரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் நேராக என்னிடம் வந்தார்.

"எனக்கு ரெண்டும் வேணும். வாரம் முழுக்க கிளினிக்குக்கு ஓட்டணும். மாசத்துல ஒரு சனிக்கிழமை ட்ராக்ல விரட்டணும்."

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி அதற்குள் முன் டயரின் உள் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ட்ராக்குக்கு வச்சபடியே ரோட்டுலயும் ஓட்டியிருக்கீங்க சார். உள்பக்கம் மட்டும் சீவி எடுத்த மாதிரி இருக்கு."

"அப்போ ரோட்டுக்கு வச்சு ட்ராக்ல ஓட்டினா?"

"வெளிப்பக்கம் போயிடும். வளைவுல வண்டி சாயும்போது டயர் வெளி ஓரத்துல தொங்கும். தலையை உள்ள சாய்ச்சு வச்சாத்தான் அந்த நேரம் முழுசா தரையில உட்காரும்."

"இதுக்கு என்னதான் வழி?"

"வீட்டுக்கு ஒரு செருப்பு, ஓடுறதுக்கு ஒரு ஷூ வச்சிருக்கீங்கல்ல? அதே மாதிரி இதுக்கும் ரெண்டு வச்சுக்கலாம். உங்க எடை எவ்வளவு சார்?"

டாக்டர் சிரித்தார். "எடை எதுக்கு?"

"ஓட்டுற ஆள் எடைக்கு சீட்ல மூட்டை வைக்கணும். ஆள் உட்கார்ந்தா வண்டி கொஞ்சம் உட்காரும். வண்டி உட்கார்ந்தா சக்கரம் மாறும்."

"எழுபத்தஞ்சு."

அண்ணி அவரை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். பிறகு பத்து கிலோ மணல் மூட்டை ஒன்பதைத் தூக்கி ஒவ்வொன்றாக ஓட்டுநர் இருக்கையில் வைத்தார்.

"ஏங்க, நான் எழுபத்தஞ்சுன்னுதானே சொன்னேன்?"

"உங்ககிட்ட வர்றவங்க எல்லாரும் தினமும் ரெண்டு வேளை பல்லு தேய்க்கிறோம்னுதான் சொல்வாங்க. நீங்க நம்பிடுவீங்களா சார்?"

பட்டறையே சிரித்தது. டாக்டரும் சிரித்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

அந்த வண்டிக்கு அண்ணி மூன்று நாள் எடுத்துக்கொண்டார். முன் சக்கரங்களுக்கு மேலே, பானெட்டைத் திறந்தால் தெரியும் இடத்தில், நகரும் தட்டு ஒன்று உண்டு. அதை உள்ளே தள்ளினால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். அந்த வண்டியில் இன்னொன்றும் நடக்கும்: தலை உள்ளே சாயச் சாய, சக்கரத்தின் முன்பக்கம் வெளியே திறக்கும். பெரும்பாலானவர்கள் இதை ஒரு தொல்லையாகப் பார்ப்பார்கள். அண்ணி அதையே வேலைக்கு எடுத்துக்கொண்டார். தட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் நூல் கட்டி அளந்து, ஒரு பழைய பள்ளி நோட்டில் இரண்டு பக்கம் எண்களாக நிரப்பினார். கடைசியில் தட்டின் மேல் இரண்டு புள்ளி வைத்தார். வெள்ளைப் புள்ளியில் நிறுத்தினால் சக்கரம் ஏறக்குறைய நிமிர்ந்து, ஒரு மில்லிமீட்டர் உள்ளே பார்க்கும்; சாலையில் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தாலும் நேராகப் போகும், டயரும் தேயாது. மஞ்சள் புள்ளிக்கு நகர்த்தினால் நன்றாகச் சாய்ந்து, இரண்டு மில்லிமீட்டர் வெளியே பார்க்கும். திருப்ப நினைத்ததும் திரும்பும். டாக்டரே பத்து நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம். டோவை மாற்றுவதற்கென்று கீழே இருக்கும் திருகு கம்பியை, அதாவது டை ராடை, யாரும் தொடவே வேண்டாம். அதை இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டிலிருந்து கம்பிவரை, மகளின் இளஞ்சிவப்பு நகச்சாயத்தால் ஒரு கோடு இழுத்துவிட்டார்.

நாலு வருடப் படிப்பில் எனக்கு இப்படி ஒரு யோசனை வந்திருக்குமா? வந்திருக்காது. தாளில் கையெழுத்து மட்டும் என்னுடையது.

இரண்டு மாதம் டாக்டர் மகிழ்ச்சியாக ஓட்டினார். அதற்குள் முதலாளி கணினி வைத்த புதிய அலைன்மென்ட் இயந்திரம் ஒன்றை வாங்கினார். சக்கரங்களில் கவ்விகளை மாட்டினால் திரையில் எண்கள் வரும். தொழிற்சாலை சொன்ன அளவுக்குள் இருந்தால் பச்சை, வெளியே போனால் சிவப்பு. அது சாதாரணமாக வீட்டிலிருந்து கடைக்கு ஓட்டுகிறவருக்கான அளவு என்று அந்தத் திரை எங்கேயும் சொல்லாது. அண்ணி முதல்நாளே அதைப் பார்த்துவிட்டு, "பரீட்சைப் பேப்பர் திருத்துற மிஷினா இது?" என்று கேட்டார். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அண்ணி லீவு. மகளின் பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். பதினோரு மணிக்கு டாக்டர் வந்தார். மறுநாள் தளத்துக்குப் போவதால் தட்டுகளை மஞ்சளுக்கு நகர்த்தியிருந்தார். வண்டியில் வேலை எதுவும் இல்லை. தள அலுவலகத்துக்குப் புதிய தாள் மட்டும் வேண்டும். முதலாளி அவரைத் தோளில் கைபோட்டு இயந்திரத்திடம் அழைத்துப் போனார்.

திரை சிவப்பாக எரிந்தது.

"கேம்பர் அப்படித்தான் இருக்கும், எனக்குத் தெரியும்" என்றார் டாக்டர். "இந்த டோ ஏன் சிவப்பா இருக்கு?"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "அதுக்குத்தானே நம்ம இன்ஜினியர் இருக்கார்!"

அந்த வார்த்தை எனக்கு இனித்தது. மூன்று வருடத்தில் யாரும் என்னை ஒரு வேலைக்காக அப்படிக் கூப்பிட்டதில்லை, கையெழுத்துக்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். 'அண்ணி நாளைக்கு வருவாங்க, கேட்டுட்டு செய்யலாம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜாக்கி போட்டுத் தூக்கினேன், லாக் நட்டைத் தளர்த்தினேன், இறக்கினேன், டை ராடைத் திருகினேன். இயந்திரம் இடையில் ஏதோ ஒரு கேள்வி கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். டோ பச்சையானது. டாக்டர் கைகுலுக்கினார். மறுநாள் மூன்றாவது வளைவில் வண்டி திரும்பவில்லை.

திங்கட்கிழமை முதலாளி அறையில் நான் எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது ஒன்று. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ கதவைச் சாத்திவிட்டு, "தாள்ல இருக்கறது உன் பேரு. உன் பேரு கெட்டா தள அலுவலகம் நம்ம தாள் எதையும் வாங்காது. புரியுதா? டாக்டருக்கு ஒரு லெட்டர் குடுத்துடலாம். உதவியாளர் கவனக்குறைவுன்னு போட்டு நூலக்கா கையெழுத்து போடட்டும். நீயே எழுது, உனக்கு நல்லா எழுத வரும்" என்றார்.

நல்ல நாளில் அண்ணிக்கு அந்தப் பட்டறையில் பதவிப் பெயரே கிடையாது. கெட்ட நாள் ஒன்று வந்ததும் பதவி கொடுத்துவிட்டார்கள்: உதவியாளர்!

நான் எழுதினேன். எழுதினேன் என்பதை இரண்டு தடவை சொன்னாலும் தகும். 'எங்கள் உதவியாளரின் கவனக்குறைவால் தங்களுக்கு நேர்ந்த இன்னலுக்கு' என்று தொடங்கும் அழகான கடிதம்.

அண்ணி கடிதத்தை வாங்கிப் படித்தார். மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். உடைந்த வண்டிக்கு அடியில் அட்டையை விரித்துப் படுத்தார். இரண்டு நிமிடம் கழித்து அவர் குரல் மட்டும் வந்தது.

"என் கோடு உடைஞ்சிருக்கு."

நகச்சாயக் கோட்டின் ஒரு பாதி நட்டிலும், மறு பாதி கம்பியிலும், விலகி நின்றன. சேதமான இடது பக்கத்தில் மட்டும் இல்லை. அடிபடாத வலது பக்கத்திலும். அதாவது மோதலில் விலகவில்லை, யாரோ ஸ்பேனர் வைத்துத் திருப்பியிருக்கிறார்கள். அண்ணி வெளியே வந்து கையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அன்று மாலை வீட்டில், பாத்திரம் துலக்கிக்கொண்டே, திரும்பாமல் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை நீதானே தம்பி?"

"ஆமா அண்ணி."

"எதுக்குத் திருப்பின?"

"சிவப்பா காட்டுச்சு."

"சிவப்பா காட்டுச்சு!" குழாயை மூடினார். "ரோட்டு சிக்னலா அது, சிவப்பு பச்சை பார்க்க? சரி, திருப்பினியே, சக்கரத்துக்கு அடியில இருக்கிற தட்டுல ஊசி எடுத்தியா?"

"எந்த ஊசி?"

புதிய இயந்திரத்தில் முன் சக்கரங்கள் நிற்கும் வட்டத் தட்டுகள் வழுக்கி நகரக்கூடியவை. வண்டியை ஏற்றும்போது நகராமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஓர் ஊசி செருகியிருக்கும். அளக்கும் முன் அதை உருவ வேண்டும். உருவாவிட்டால், ஜாக்கியிலிருந்து இறங்கிய சக்கரம் தன் இடத்துக்குப் பரவ முடியாமல் முறுக்கிக்கொண்டே நிற்கும். திரையில் வருவது பொய் எண். வாசலைத் தாண்டி நாலு அடி உருண்டதும் உண்மை வெளியே வரும். இயந்திரம் என்னிடம் கேட்ட கேள்வியும் அதுதான். நான் ஆம் என்றேன்.

"நூல் வச்சுப் பார்த்தேன், அடிபடாத வலது பக்கம் மட்டுமே ரெண்டரை மில்லி உள்ள பார்க்குது. ரெண்டு பக்கமும் நீ ஒரே மாதிரிதானே திருப்பியிருப்ப. மொத்தம் அஞ்சு" என்றார் அண்ணி. "ரெண்டு வெளிய பார்த்துப் பழகின ஆளுக்கு அஞ்சு உள்ள பார்த்தா எப்படித் திரும்பும்? அவரும் பிரேக்கை லேட்டாத்தான் போட்டிருப்பார், அது வேற. தெரியாம செஞ்சுட்ட. அதைக்கூட விடு. அந்த லெட்டரை யார் எழுதினா?"

"நான்தான்."

"படிச்சதுமே தெரிஞ்சுது. உங்க அண்ணன் லைசென்ஸ் தொலைஞ்சப்ப ஒரு மனு எழுதித் தாடான்னா நாலு வரில முடிச்ச. என்மேல பழி போட மட்டும் எவ்வளவு அழகா எழுத வருது உனக்கு!"

செவ்வாய்க்கிழமை டாக்டர் கட்டுப்போட்ட கையோடு வந்தார். அவர் உட்கார்வதற்கு முன்பே நான் பேசிவிட்டேன். காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று தெரியும்.

"சார், வண்டி திரும்பாததுக்குக் காரணம் வெள்ளிக்கிழமை நான் டோவை மாத்தினதுதான். அண்ணி அன்னைக்கு லீவு. அவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

முதலாளி மெதுவாகத் தலையை ஆட்டினார். அவர் கண்கள் கலங்கியே போயின என்று நினைக்கிறேன்.

"பார்த்தீங்களா டாக்டர்? இந்தக் காலத்துல இப்படி ஒரு பையன். அண்ணிக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கிறான்."

டாக்டர் இடது கையால் என் தோளைத் தட்டினார். "நல்லா வளர்த்திருக்காங்க."

"இல்ல சார், நிஜமாவே நான்தான்."

"புரியுதுப்பா, விடு. நீ வச்சது பச்சையில நின்னதை நானே பார்த்தேன். முன்னாடி அவங்க வச்சதுலதான் கோளாறு."

வாழ்க்கையில் முதல்முறை ஓர் உண்மையைச் சொன்னேன். அதற்குப் பாராட்டுக் கிடைத்தது, நம்பிக்கை கிடைக்கவில்லை. படித்தவன் தப்புச் செய்யமாட்டான் என்று அவர்கள் நினைத்தார்களா, அல்லது தப்பு என்பது எப்போதும் தரையில் படுத்து வேலை செய்கிறவர்களிடம்தான் இருக்கும் என்றா? இரண்டும் ஒன்றுதானோ?

அறை வாசலில் நின்றிருந்த அண்ணிதான் பொறுமை இழந்தார். "இங்க வாங்க சார்" என்று டாக்டரை வண்டியிடம் கூட்டிப் போனார். உடைந்த கோட்டைக் கைவிளக்கு அடித்துக் காட்டினார். வருகைப் பதிவேட்டில் தன் லீவைக் காட்டினார். இயந்திரத்தில் பதிவாகியிருந்த நாளையும் நேரத்தையும் திறக்கச் சொல்லிக் காட்டினார். டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகம் மாறியது. இப்போது சரியாகிவிடும் என்று நான் நம்பினேன்.

"அப்போ தப்பு இவரோடதா?" என்றார் டாக்டர்.

"யார் கை பட்டா என்ன டாக்டர், பட்டறையோட தப்புதானே" என்று முதலாளி குறுக்கே வந்தார். "லெட்டர் ஒரு சம்பிரதாயம். இவன் பேர் அதுல வந்தா மத்த கஸ்டமர் யாரும் ட்ராக்குக்குப் போக முடியாது. நீங்களும்தான்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு ஏதோ ஒரு லெட்டர் வந்தா போதும். ட்ராக் ஆபீஸ்ல கேக்குறாங்க."

தெரியாமல் பழி போட்டால் அது தவறு. தெரிந்தபிறகும் 'ஏதோ ஒரு லெட்டர்' என்று சொல்வதற்கு என்ன பெயர்? கண்ணால் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

முதலாளி பேனாவை நீட்டினார். "ஒரு கையெழுத்துதானேம்மா. உனக்கு ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதுன்னா நீங்களே போடுங்க சார்."

"பிடிவாதம் பிடிக்காதே."

"செய்யாத வேலைக்கு நான் கையெழுத்து போட மாட்டேன்."

அண்ணி இதை முதலாளியைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்குத்தான் கன்னத்தில் அறை விழுந்தது போல் இருந்தது. மூன்று வருடமாக நான் செய்துவந்த ஒரே வேலை அதுதானே.

"அப்போ நாளையிலேருந்து வாட்டர் வாஷ் பாரு" என்றார் முதலாளி.

புதன்கிழமை அண்ணி ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வண்டி கழுவப் போனார். வேலையை விட்டுவிடுவார் என்று முதலாளி எதிர்பார்த்தார், நானும்தான். ஆனால் அவர் சக்கர வளைவுகளுக்குள் கைவிட்டு, ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக் கழுவினார். டீ குடிக்கும்போது பெயின்ட் அடிப்பவர், "ஏன் நூலக்கா, குழாய்க்கும் அலைன்மென்ட் பாக்குறியா?" என்று சீண்டினார். "உன் வாய்க்குப் பாக்கணும், எப்பவும் கோணலாவே இருக்கு" என்றார் அண்ணி. வீட்டில் எனக்குத் தட்டு வைப்பார், போய்விடுவார்.

வெள்ளிக்கிழமை ஐந்து வண்டிகள் வந்து நின்றன. எல்லாம் மறுநாள் தளத்துக்குப் போகிறவை. முதல் வண்டி ஒரு வங்கி மேலாளருடையது. ஐம்பதைத் தொட்ட பெண்மணி, நீல வண்டி, பட்டறைக்கு ஆறு வருடப் பழக்கம். வந்ததும் "நூலக்கா எங்க?" என்றுதான் கேட்டார்.

"அவங்க வேற வேலையா இருக்காங்க மேடம். இன்னைக்கு நம்ம இன்ஜினியரே பார்ப்பார், புது மிஷின்ல" என்றார் முதலாளி.

சாவி என் முன்னால் மேசைமேல் வந்து விழுந்தது.

"எனக்கு இந்த வேலை தெரியாதுங்க" என்றேன்.

முதலாளி சிரித்தார். "தம்பிக்கு அடக்கம் ஜாஸ்தி."

"அடக்கம் இல்ல மேடம்." என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது, வரிசையில் நின்ற மற்றவர்களும் திரும்பினார்கள். "டாக்டர் வண்டி போன வாரம் இடிச்சதுக்குக் காரணம் நான்தான். தட்டுல ஊசி எடுக்கணும்னுகூட எனக்குத் தெரியாது. உங்க வண்டியை இத்தனை வருஷம் பார்த்தது நான் இல்ல. பார்த்தவங்க பின்னாடி கார் கழுவிட்டிருக்காங்க."

இதைத் தியாகம் என்று மொழிபெயர்க்க முதலாளிக்கு வழி கிடைக்கவில்லை. மேலாளர் மேசையிலிருந்து தன் சாவியை எடுத்துக்கொண்டு, கழுவும் இடத்துக்கு நடந்தார். பின்னால் மற்ற நால்வரும். அவர்களுக்குப் பின்னால், தோல் செருப்பு நனைய நனைய, முதலாளி.

"ஏம்மா, அதை அங்க வச்சுட்டு வா. நேரமாகுது."

அண்ணி குழாயை நிறுத்தவில்லை. "லெட்டர் எங்க சார்?"

"டிராயர்லதான் இருக்கு. அனுப்பலை."

"கிழிச்சு எடுத்துட்டு வாங்க."

"கஸ்டமர் முன்னாடி என்னம்மா இது?"

"கஸ்டமர் முன்னாடிதானே என்னை உதவியாளர் ஆக்கினீங்க."

முதலாளி போனார். இரண்டு துண்டுகளோடு வந்தார். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு, அந்த இரண்டு துண்டையும் ஈரமான பானெட்டின் மேல் வைத்துப் பொருத்தி, முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். ஐந்து வாடிக்கையாளரும் காத்திருந்தார்கள்.

"இதுதான்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான்கு நாளில் முதல்முறை. "காப்பி இருக்கா?"

"கம்ப்யூட்டர்ல இருக்கு அண்ணி."

"அழிச்சுட்டு வந்து சொல்லு."

ஓடினேன். அழித்தேன். வந்து சொன்னேன். அதன் பிறகுதான் அவர் பூட்ஸைக் கழற்றினார்.

ஐந்து வண்டியும் முடிய மாலை ஆனது. நூல் கட்டும்போது நான் பக்கத்தில் போய் நின்றேன். "மேசைக்குப் போ" என்றார், நிமிராமல். ஏதோ சரியாகிவிட்டது என்று நினைத்தது என் கற்பனை. தாள்கள் வந்தன, ஐந்திலும் கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால் ஐந்து வண்டியும் தளத்துக்குள் போகாது, அண்ணியின் அன்றைய உழைப்பு வீண். போட்டால் நான் பழைய ஆள்தான். இதற்கு எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. தள அலுவலகத்தின் விதிமேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்த விதியால் மாதம் தவறாமல் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பதும் நான்தான்.

வீடு திரும்பிக் கொஞ்ச நேரத்தில் அண்ணன் போன் செய்தார். ஒலிபெருக்கியில் லாரி எஞ்சின் சத்தம் பின்னால் உறுமியது.

"என்ன பண்றீங்க எல்லாரும்? பட்டறை எப்படி இருக்கு?"

"ரெண்டரை நாள் கார் கழுவினேன்" என்றார் அண்ணி. "இன்னைக்கு என் இடத்துக்கே திரும்ப வந்துட்டேன்."

"கார் கழுவினியா? நீ எதுக்குக் கழுவணும்?" அண்ணன் குரல் மாறியது. "யார் அனுப்பினா? முதலாளிகிட்ட நான் பேசட்டுமா?"

அண்ணி என்னைப் பார்த்தார். வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சிரித்து, என்னைக் காப்பாற்றிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் போனை என் கையில் வைத்தார்.

"உங்க தம்பி சொல்வான். டேய், முழுசா சொல்லு. லெட்டர் எழுதினதையும் சேர்த்து."

"என்னடா?" என்றார் அண்ணன்.

அண்ணி சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, கேட்பதற்காக நின்றார். நான் வெள்ளிக்கிழமை பதினோரு மணியிலிருந்து ஆரம்பித்தேன்.